எண் இல்லாத கை

அகப்பை நிறையக் கோகோவை மொண்டு ஏந்தியபடி, வரிசையில் நாலாவதாக நின்றவனின் இடது கையைக் குறி வைத்துக் காத்திருந்தாள் பிளூமா.

கோகோ சுட வேண்டும். ஆனால் தோல் வழன்றுவிடக் கூடாது. அதற்காகவே கால் மணி நேரத்துக்கு முன்னால் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். இப்போது மணி பதினொன்று. மூன்று மணிக்கு அந்த ஆள் யூத மதகுரு ராவ் மாட்டிஸ் முன்னால் நின்று, பிளூமாவின் புருஷன் செத்துப்போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொல்லப் போகிறான். அதற்குள் அவனுடைய முன்கையை அவள் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது. இரண்டாவது.

சமையல்கூடத்துப் புழுக்கத்தில் மற்ற ஆண்கள் எல்லோரும் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தார்கள். இவன் ஒருத்தன்தான் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. நேற்று மாலை முகாமுக்கு வந்து இறங்கியதிலிருந்தே அப்படித்தான். பெயர் ஃபிஷல். நாற்பது வயது இருக்கலாம். ஓயாமல் பேசுகிற வாய், எதிலும் நிற்காத கண்.

குவளையை நீட்டினான். பிளூமா அகப்பையைச் சாய்த்தாள். குவளையில் அல்ல.

அவன் "ஐயோ" என்று கையை உதறுவதற்குள் ஈரத் துணியோடு மேடையைச் சுற்றி ஓடி வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பொத்தானைக் கழற்றினாள். சட்டைக் கையை மேலே ஏற்றினாள். துடைத்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி துடைத்தாள்.

"ஏண்டி, குவளைக்கு ஊத்தச் சொன்னா கைக்கு ஊத்தறே?" என்று அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து கேட்டாள் ஹெனியா, அவளோடு வேலை பார்ப்பவள். "கல்யாணப் பொண்ணுக்குக் கண்ணு தெரியலை போல."

பிளூமாவுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. கொஞ்சம் சிவந்த, வெளுத்த, மயிர் அடர்ந்த சாதாரணக் கை. ஒரு புள்ளிகூட மை இல்லை.

எண் இல்லை.

ஃபிஷல் சட்டைக் கையைச் சட்டென்று இழுத்துவிட்டுக்கொண்டு, பரவாயில்லை, சூடு உடம்புக்கு நல்லது என்று ஏதோ சொல்லிச் சிரித்து, அவசரமாக நகர்ந்தான். தரையில் சிந்திய கோகோவை மிதித்துக்கொண்டு போனான். அவன் போன வழியெல்லாம் பழுப்புத் தடம்.

பிளூமா துடைப்பதற்காகக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

அந்தத் தடம் சாதாரண பூட்ஸ் தடம் அல்ல. குதிகாலில் குறுக்கும் நெடுக்குமாக வரி. ஜீப் டயரை அறுத்துக் குதிகாலில் ஆணியடித்த பூட்ஸ். முகாமில் அப்படி ஒரே ஒரு ஜோடிதான் உண்டு. எட்டு மாதமாகத் தினமும் காலையில் அவள் கொட்டடி வாசல் சேற்றில் அந்தத் தடம் பதிந்திருக்கும். அவள் எழுவதற்குள் விறகு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறவனின் தடம்.

நோயக்கின் தடம். இன்று மாலை ஏழு மணிக்கு அவள் கட்டிக்கொள்ளப் போகிறவனின் பூட்ஸ்.

*

கையில் பச்சை குத்திய எண்ணைப் பார்த்தே ஊரும் மாதமும் சொல்லிவிடுவார்கள், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்து மீண்டவர்கள். பிளூமாவும் சொல்வாள். அவள் கையிலும் இருக்கிறது. நாற்பத்து மூன்று ஆகஸ்டில் பெண்ட்ஸினிலிருந்து ஒரே ரயில் பெட்டியில் அவளும் புருஷன் ஸெலிக்கும் போய் இறங்கினார்கள். மேடையில் ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். பெண்ட்ஸினில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஸெலிக், அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் போது செய்கிற மாதிரி விரல்களை ஊதிக்கொண்டே போனான். அதுதான் அவள் கடைசியாகப் பார்த்தது. அடுத்த வசந்தத்தில் ஒருத்தி மூலமாகச் செய்தி வந்தது: ஆஷ்விட்ஸைச் சேர்ந்த நிலக்கரிச் சுரங்கத்து முகாமில் இருக்கிறான், உயிரோடு.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. போர் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஜெர்மானியப் படைக்கொட்டடியாக இருந்து இப்போது அகதி முகாமாகிவிட்ட இந்த இடத்தில், தினமும் சுவரில் ஒட்டுகிற பெயர்ப் பட்டியலை அவள் மேலிருந்து கீழே, கீழேயிருந்து மேலே படித்தாள். பிழைத்தவர் பட்டியலிலும் ஸெலிக் இல்லை, செத்தவர் பட்டியலிலும் இல்லை.

செத்ததற்குச் சாட்சி இல்லாத புருஷனின் பெண்டாட்டி, உயிரோடு இருக்கிறவனின் பெண்டாட்டிதான். யூத மதச் சட்டம் அப்படி. அவளுக்கு இன்னொரு கல்யாணம் கிடையாது.

நோயக் தச்சன். அதிகம் பேச மாட்டான். ஆஷ்விட்ஸின் ரப்பர் தொழிற்சாலை முகாமில் இருந்து பிழைத்தவன் என்று சொல்லியிருந்தான். அவன் கை எண்ணும் அதற்கு ஒத்துத்தான் இருந்தது. தென் அமெரிக்காவில், மாண்டிவீடியோவில் இருக்கும் அவனுடைய மாமா, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கென்று குடியேற்றக் காகிதம் அனுப்பியிருந்தார். நாளைக் காலை ஐந்து மணிக்கு லாரி. பிறகு ரயில், பிறகு கப்பல். இன்றைக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் அவன் தனியாகப் போவான், அவள் இங்கேயே பட்டியல் படித்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் நோயக் மூன்று நாள் வெளியூர் போய்விட்டு வந்தான். வந்ததும் சொன்னான்: "ஒரு ஆள் கிடைச்சிருக்கான் பிளூமா. சுரங்கத்துலேர்ந்து ஸெலிக்கோட கூட நடந்தவன். அவர் செத்ததைப் பார்த்தவன். வந்து சொல்றேன்னிருக்கான்."

அன்றைக்கு அவள் அழுதாள், நிம்மதியும் துக்கமும் பிரிக்க முடியாமல். அவன் காலைப் பார்க்கத் தோன்றவில்லை.

இப்போது பார்க்கத் தோன்றியது. இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே தச்சுப் பட்டறைக்குப் போனாள். நோயக் பயணப் பெட்டிக்கு மூடி செய்துகொண்டிருந்தான். காலில் கித்தான் செருப்பு. மழை தூறுகிற அக்டோபரில்.

பூட்ஸ் எங்கே என்று சாதாரணமாகக் கேட்டாள். தையல் விட்டுவிட்டது, தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னான். மூடியின் விளிம்பை இழைத்துக்கொண்டே இருந்தான்.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய்யைச் சரிசெய்ய அவகாசம் கிடைத்துவிடும். முழுப் பொய்யையும் ராவ் முன்னால் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

திரும்பி நடக்கையில் டோப்ராவின் கொட்டடியைக் கடந்தாள். போன வருஷம் ஒருத்தன் வாய்ச்சொல்லை நம்பி டோப்ராவுக்குக் கல்யாணம் ஆனது. பனிக்காலத்தில் ஒருநாள், கையில் தகரக் குவளையோடு, பிணமென்று எழுதப்பட்ட முதல் புருஷன் முகாம் வாசலில் வந்து நின்று அவள் பெயரைச் சொல்லி விசாரித்தான். சட்டப்படி அவள் இரண்டு பேருக்கும் ஆகாதவளானாள். வயிற்றிலிருந்த பிள்ளைக்குத் தலைமுறை தலைமுறையாக யாரும் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். டோப்ரா இப்போது யாரோடும் பேசுவதில்லை. சன்னலோரம் உட்கார்ந்து குழந்தையின் காலுறைகளைப் பின்னுகிறாள், பிரிக்கிறாள்.

எண் இல்லாதவன் அந்தச் சுரங்கத்தில் இருந்திருக்க முடியாது. இருந்ததாகச் சொல்லக் கூலியாக ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கியிருக்கிறான். அப்படியென்றால் ஸெலிக்?

அவள் அறையில், ஆணியில், வெள்ளை உடுப்பு தொங்கியது. பாராசூட் பட்டில் தைத்தது. முகாமில் ஒரே ஒரு கல்யாண உடுப்புதான், முறை வைத்து உடுத்துவார்கள். இன்றைக்கு அவள் முறை.

*

மன்றம் கூடியது துணி தேய்க்கும் கூடத்தில். நடுவில் ராவ் மாட்டிஸ். இரண்டு பக்கமும் ஒரு பள்ளி ஆசிரியர், மத முறைப்படி ஆடு அறுக்கும் ஒருவர். மேசை மேல் அட்டையும் முதல் நாற்பது பக்கமும் போன சட்டப் புத்தகம் ஒன்று. போன பக்கங்கள் ராவின் தலைக்குள் இருந்தன. பெண்டாட்டியையும் ஐந்து பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். இந்த ஒரு வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மறுமணத்துக்கு வழி திறந்துவிட்டிருந்தார். ஒவ்வொரு முறையும், அதுதான் முதல் முறை என்பது போல நிதானமாகக் கேட்பார்.

ஃபிஷல் சொன்னான். ஜனவரி மாதம். ரஷ்யர்கள் நெருங்கியதும் சுரங்கத்திலிருந்து எல்லோரையும் பனியில் நடத்திக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் ஸெலிக்குக்குக் காய்ச்சல். மத்தியானம், ஒரு செங்கல் சூளைப் பக்கம், உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவர்களைப் பார்க்கவென்றே ஒரு காவலன் பின்னால் வந்துகொண்டிருந்தான். ஒரே குண்டு.

எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாய் என்று கேட்டார் ராவ். கை எட்டுகிற தூரம் என்றான். முகத்தைப் பார்த்தாயா? பார்த்தேன், குண்டு முகத்தில் படவில்லை. அந்த ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறாய்?

"அடையாளம் இருக்கு ராவ். வலது காதுக்கு மேல, தலையில, அரிவாள் மாதிரி ஒரு தழும்பு. அந்த இடத்துல முடியே முளைக்காது."

பிளூமாவின் விரல்கள் தானாக மடங்கின. சின்ன வயதில் அடுப்புக் கதவு சுட்ட தழும்பு. சுருட்டை முடிக்குள் மறைந்து கிடக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. அவளுடைய விரல்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். நோயக்கிடம் அவள் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

முகாமில் தலையை மழித்தார்கள். அங்கே பக்கத்தில் இருந்தவன் பார்த்திருக்கலாம். ஆனால் இவன் அங்கே இல்லை. பின்னே எப்படித் தெரியும்?

ஒரே ஒரு வழிதான் அவளுக்குத் தோன்றியது.  ஸெலிக் உயிரோடு இருக்கிறான். ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில், மழித்த தலையோடு. இவர்கள் இரண்டு பேரும் அவனைப் பார்த்திருக்கிறார்கள். சாட்சி எவ்வளவுக்கு எவ்வளவு பொருந்தியதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவளுக்குப் பயமாக இருந்தது.

ராவ் எழுதி முடித்துப் பேனாவை நிமிர்த்தினார். "எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், உன்கிட்டயும் கேக்கறேன். இந்தப் பொண்ணைக் கட்டிக்கற எண்ணம் உனக்கு இருக்கா?"

"எனக்கா?" என்றான் ஃபிஷல். "கட்டிக்கிட்டா தினம் காலையில கோகோவுல குளிப்பாட்டுவா, ராவ்."

ஆசிரியர் சிரித்துவிட்டார். ராவ் சிரிக்கவில்லை.

"வேடிக்கைக்குக் கேக்கலை. அடுத்தவன் பொண்டாட்டி மேல ஆசை வெச்சு, அவன் செத்தான்னு வந்து சொல்றவன் எல்லாக் காலத்துலயும் இருந்திருக்கான். அதான் சட்டம் போட்டு வெச்சிருக்கு. எவன் வாய்ச்சொல்லால அவளுக்கு விடுதலை கிடைக்குதோ, அவன் அவளைக் கட்ட முடியாது. ஆயுசுக்கும் முடியாது."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற நோயக், சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவது நின்றது.

"உனக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று பிளூமாவிடம் கேட்டார் ராவ்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு கையெழுத்து. வெள்ளை உடுப்பு. லாரி. கடல். அவளுக்கு வயது இருபத்தெட்டு.

"கொஞ்சம் வெளியே போயிட்டு வரேன், ராவ்."

"போயிட்டு வா. ஆனா நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால வா."

*

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நோயக்கை நிறுத்தினாள். இத்தனை நாள் "நீங்க" என்று பேசியவளுக்கு இப்போது அது வரவில்லை.

"அவன் கையில எண் இல்லை. அவன் கால்ல உன் பூட்ஸ் இருக்கு."

நோயக் குழாயை இறுகத் திருகினான்.

"எந்த ஆஸ்பத்திரியில இருக்காரு?"

"யாரு?"

"என் புருஷன். உயிரோட எங்கே இருக்காரு? எங்கே பார்த்தே?"

அவன் முகம் வெளிறியது. அது பிடிபட்டவனின் முகமா, அடிபட்டவனின் முகமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "உயிரோட இல்லை, பிளூமா. சத்தியமா இல்லை."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

திருகிய பிறகும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஃபிஷலின் கையைச் சுருட்டிக் காட்டப் போகிறேன் என்றாள் அவள். காட்டினால் சாட்சி போச்சு, பிறகு நீ யாருக்கும் இல்லாமல் இப்படியே நிற்க வேண்டியதுதான் என்றான் அவன். டோப்ரா மாதிரி உட்காருவதைவிட அது மேல் என்றாள்.

நோயக் குரலைத் தாழ்த்தினான். "கப்பல் ஏறினதும் எல்லாம் சொல்றேன். ஒண்ணு விடாம. இன்னிக்கு மட்டும் கேக்காத."

"கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம், முன்னால சொல்லக் கூடாது. அப்படி என்ன விஷயம் அது?"

அவன் தன் கித்தான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த எட்டு மாதத்தில் அவன் தனக்காகப் பிளந்து போட்ட விறகையெல்லாம் அவள் நினைத்தாள். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இது இருந்திருக்கிறது. என்னவென்று தெரியாத இது. கூடவே இன்னொரு நினைப்பும், நினைக்கப் பிடிக்காத நினைப்பும் வந்தது. செங்கல் சூளை, காவலன், ஒரே குண்டு என்று கதை கட்டச் சொல்லிக் கொடுத்தவனுக்கு, நிஜத்தில் அங்கே நடந்தது வேறு ஏதாவது தெரியுமோ? ஸெலிக்கைச் சாகடித்தது காவலன்தானா?

"நீ அவரை என்ன செஞ்சே, நோயக்?"

அவன் தலையை நிமிர்த்தினான்.  

அவள் உள்ளே போனாள்.

*

"ராவ், அவர் இடது கைச் சட்டையைச் சுருட்டச் சொல்லுங்க."

ஃபிஷலின் வலது கை, இடது மணிக்கட்டின் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டது. அதுவே போதுமானதாக இருந்தது. ராவ் எழுதிய தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இத்தனை நாள் அவரும் எண் பார்த்துப் பழகியவர்தான். வந்த ஆளின் வாயைப் பார்த்தவர், கையைப் பார்க்க மறந்திருந்தார்.

"எந்த முகாம்ல இருந்தே?"

ஃபிஷல் வேறொரு பெயரைச் சொன்னான். எண் குத்தாத முகாம். அதுவும் சாவு மலிந்த இடம்தான், ஆனால் சுரங்கத்திலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி.

"ஆனா நான் சொன்ன ஒரு வார்த்தையும் பொய் இல்லை, ராவ்," என்றான் அவன். வாயாடித்தனமெல்லாம் வடிந்துபோயிருந்தது. "பார்த்தவன் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு பொண்ணுக்கு வழி பிறக்குமேன்னுதான் ஒத்துக்கிட்டேன். பூட்ஸுக்காக மட்டும் இல்லை."

"கேட்டதைக் கேட்டதாச் சொல்லியிருந்தாக்கூட ஏத்துக்கிட்டிருப்பேன். புருஷனைத் தேடற பொண்ணுக்காகச் சட்டம் அவ்வளவு தூரம் வளைஞ்சு கொடுக்கும். யார்கிட்டக் கேட்டேன்னு சொல்லியிருந்தாப் போதும். ஏன் சொல்லலை?" ராவ் முன்னால் குனிந்தார். "பார்த்தவன் யாரு?"

ஃபிஷல் தன் காலையே பார்த்தான். குதிகாலில் காய்ந்த கோகோ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிளூமாவும் பார்த்தாள். அந்தப் பூட்ஸ். பார்த்தவன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதற்காகவே கொடுத்த பூட்ஸ். 

பின்னால் காலடிச் சத்தம். கித்தான் செருப்பு, சத்தமே இல்லாத சத்தம். நோயக் மேசைக்கு எதிரே வந்து நின்றான். இடது கைச் சட்டையைத் தானாகவே சுருட்டினான்.

ராவ் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, இந்த மன்றத்தில் யாரும் கேட்டிராத குரலில், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"யோசிச்சுக்கோ தம்பி. நீ வாயைத் திறந்தா இவளுக்குக் கதவு திறக்கும், உனக்கு அடைஞ்சுடும். சாயந்திரம் கல்யாணம் கிடையாது. நாளைக்கு லாரியில உன் பக்கத்துல இவ கிடையாது. என்னிக்குமே கிடையாது. இப்பவே திரும்பிப் போயிடு. நான் உன்னைப் பார்க்கவே இல்லை."

ஆசிரியர் நாற்காலியில் அசைந்தார். வெளியே யாரோ கல்யாணப் பந்தலுக்குக் கம்பு நடுகிற சத்தம் கேட்டது.

நோயக் பிளூமா பக்கம் திரும்பவில்லை. ராவின் பேனாவையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"எழுதிக்கோங்க, ராவ். காவலன் சுட்டதைக் கண்ணால பார்த்தவன் நான். ரப்பர் தொழிற்சாலைன்னு நான் சொன்னது பொய். சுரங்கத்துல ஒண்ணரை வருஷம் ஸெலிக்கும் நானும் ஒரே பலகையில படுத்தோம். அரிவாள் தழும்பு அடுப்புக் கதவு சுட்டதுன்னு அவர்தான் சொன்னாரு. நடக்கறப்போ ரெண்டு நாளும் அவர் கை என் தோள் மேலதான் இருந்துச்சு. செங்கல் சூளைகிட்ட, அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டது நான்தான்."